எஃப்ஆர்ஆர்: சென்னையின் சிறு இணையச் சேவையாளருக்கு அதன் இன்பவுண்ட் ஃபில்டர் தாங்குமா?

அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ சொந்த ஏஎஸ் எண் (இணையத்தில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) வாங்கி பிராட்பேண்ட் நடத்துகிறவருக்கு, இரண்டாவது அப்ஸ்ட்ரீம் (நமக்கு இணையம் தரும் மேல்நிலைச் சேவையாளர்) எடுத்த அன்றே ஒரு கேள்வி வந்துவிடும். பெரிய கம்பெனி ரூட்டருக்குப் பணம் கட்டுவதா, அல்லது ஒரு சர்வரில் லினக்ஸ் போட்டு எஃப்ஆர்ஆரை ஓட்டுவதா? ஜீப்ரா, குவாகா வழி வந்த இந்த இலவச ரூட்டிங் மென்பொருள் 2017-ல் குவாகாவிலிருந்து பிரிந்தது. ரூட்டர்கள் பாதை விவரம் பரிமாறும் முறைகளான பிஜிபி (நெட்வொர்க்குகளுக்கு இடையே), ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ், ரிப் (ஒரே நெட்வொர்க்குக்குள்) எல்லாம் இதில் உண்டு. விஒய்ஓஎஸ், சோனிக் போன்ற நெட்வொர்க் இயங்குதளங்களின் உள்ளே ரூட்டிங் வேலை பார்ப்பதும் இதுதான். இந்த விமர்சனம் அதன் ஒரே ஒரு பகுதியைப் பற்றியது: பக்கத்து ரூட்டர் (நெய்பர்) சொல்லும் ரூட்களில், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற தகவல்களில், எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கும் இன்பவுண்ட் ஃபில்டர். எல்லையில் நிற்கும் ரூட்டரை எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் ஒரு தெளிவு. இன்பவுண்ட் ஃபில்டர் பாக்கெட்டைத் தடுக்காது. அது ஃபயர்வால் அல்ல. நெய்பர் அனுப்பும் ரூட் தகவலை வடிகட்டுகிறது. அதனால் மாறுவது உங்களிடமிருந்து வெளியே போகும் டிராஃபிக்கின் பாதை. ஓர் அப்ஸ்ட்ரீமிடமிருந்து வரும் ஒரு ப்ரிஃபிக்ஸை (203.0.113.0/24 போன்ற முகவரித் தொகுதி; சாய்கோட்டுக்குப் பின் வரும் நீளம் கூடக் கூடத் தொகுதி சிறியது) நீங்கள் தள்ளிவிட்டால், அந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் வேறு வழியில் போகும். அங்கிருந்து வரும் பாக்கெட் அதே பழைய லிங்கிலேயே வந்துகொண்டிருக்கும். லினக்ஸ் சர்வரில் இதனால் ஒரு சிக்கல் எழும். ஆர்பி-ஃபில்டர் என்ற கெர்னல் (லினக்ஸின் உள்மையம்) அமைப்பு 1 என்று, அதாவது கறாராக, இருந்தால், பதில் போகும் வழியும் பாக்கெட் வந்த வழியும் ஒன்றாக இல்லாத பாக்கெட்டுகளைக் கெர்னல் சத்தமில்லாமல் போட்டுவிடும். சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர் போன் செய்வார். பிஜிபி பக்கம் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டு அப்ஸ்ட்ரீம் உள்ள பெட்டியில் அதை 2 என்று, அதாவது தளர்வாக, வையுங்கள். 'ஆல்' என்பதற்குக் கொடுத்த மதிப்பு, அந்த இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்த மதிப்பு, இரண்டில் எது பெரியதோ அதையே கெர்னல் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றை 0 ஆக்கிவிட்டு மற்றதை 1-ல் விட்டால் பயன் இல்லை.

எஃப்ஆர்ஆரை நிறுவியதும் வரும் முதல் திகைப்பு இது: நெய்பரோடு பேசும் பிஜிபி இணைப்பு (செஷன்) எழுந்து நிற்கும், ஒரு ரூட்கூட வராது. 'ஷோ பிஜிபி சம்மரி' பட்டியலில் வந்த ப்ரிஃபிக்ஸ் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'பாலிசி' என்று எழுதியிருக்கும். இது பழுது அல்ல. 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்வதுபடி, வெளி ஏஎஸ்ஸோடு பேசும் செஷனில் ஃபில்டர் எதுவும் கட்டப்படாவிட்டால் எதையும் ஏற்கக் கூடாது, எதையும் அனுப்பக் கூடாது. வழக்கமான ப்ரொஃபைலில் (இயல்பு அமைப்புகளின் தொகுப்பு) எஃப்ஆர்ஆர் இதை இயல்பாகவே பின்பற்றுகிறது. டேட்டாசென்டர் ப்ரொஃபைலில் இது அணைந்திருக்கும். இந்தத் திகைப்பைத் தாண்ட 'நோ பிஜிபி ஈபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி' என்று ஒரு வரி போட்டால் போதும் என்று சொல்லித்தருபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். இந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்த குணமே இதுதான். கதவு மூடியபடிதான் தொடங்குகிறது. எதைத் திறக்கிறோம் என்பதை நாமே எழுதித் தர வேண்டும்.

அடுத்து, உள்ளே நடக்கும் வரிசை. நெய்பரிடமிருந்து வரும் ஒவ்வொரு அப்டேட்டும் முதலில் டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட், பிறகு ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் (இரண்டும் முகவரியைப் பார்ப்பவை), பிறகு ஏஎஸ் பாதையை (ரூட் கடந்துவந்த ஏஎஸ் எண்களின் வரிசை) பார்க்கும் ஃபில்டர்-லிஸ்ட், கடைசியில் ரூட்-மேப் (எண் வரிசையில் ஓடும் நிபந்தனை விதிகள்) என்று போகும். எங்கே தள்ளப்பட்டாலும் அதோடு முடிந்தது. தேறிய ரூட்தான் சிறந்த பாதைக்கான போட்டியிலேயே கலந்துகொள்ளும். டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்டும் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்டும் ஒரே நெய்பரில் ஒரே திசையில் சேராது, மற்றவற்றைச் சேர்த்துக் கட்டலாம். ஆனால் கட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ரூட்-மேப்புக்குள் எழுதினால்தான் நள்ளிரவில் எந்த வரி தள்ளியது என்று கண்டுபிடிக்க முடியும். 'டீபக் பிஜிபி அப்டேட்ஸ் இன்' போட்டால் ஒவ்வொரு மறுப்புக்கும் காரணம் லாகில் விழும்: 'ஃபில்டர்' என்றால் முதல் மூன்றில் ஒன்று, 'ரூட்-மேப்' என்றால் கடைசியது. முழு டேபிள் (உலகின் எல்லா ரூட்டும்) தரும் அப்ஸ்ட்ரீம் மீது இதை அப்படியே ஓட்டினால் லாக் வெள்ளமாகப் பொங்கும். ஒரு ப்ரிஃபிக்ஸை மட்டும் குறித்து ஓட்டுங்கள்.

அப்ஸ்ட்ரீமுக்கான ரூட்-மேப் குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும்? பெயர் அப்ஸ்-இன், உங்கள் ஏஎஸ் 64500, உங்கள் முகவரி 203.0.113.0/24 என்று வைத்துக்கொள்வோம் (மூன்றும் எடுத்துக்காட்டுக்காகவே). டினை என்றால் தள்ளு, பெர்மிட் என்றால் ஏற்றுக்கொள், மேட்ச் என்றால் இது பொருந்தினால், செட் என்றால் மதிப்பை இடு. லோக்கல்-ப்ரிஃபரன்ஸ் என்பது முன்னுரிமை எண், பெரியதே வெல்லும்:

ரூட்-மேப் அப்ஸ்-இன் டினை 10
— மேட்ச் ஐபி அட்ரஸ் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் நம்முடையவை
ரூட்-மேப் அப்ஸ்-இன் டினை 20
— மேட்ச் ஐபி அட்ரஸ் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் போகான்
ரூட்-மேப் அப்ஸ்-இன் டினை 30
— மேட்ச் ஐபி அட்ரஸ் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் மிகச்சிறியவை
ரூட்-மேப் அப்ஸ்-இன் டினை 40
— மேட்ச் ஏஎஸ்-பாத் போகான்-ஏஎஸ்
ரூட்-மேப் அப்ஸ்-இன் டினை 50
— மேட்ச் ஆர்பிகேஐ இன்வேலிட்
ரூட்-மேப் அப்ஸ்-இன் பெர்மிட் 60
— மேட்ச் கம்யூனிட்டி ஜிஷட்
— செட் லோக்கல்-ப்ரிஃபரன்ஸ் 0
ரூட்-மேப் அப்ஸ்-இன் பெர்மிட் 100
— செட் லோக்கல்-ப்ரிஃபரன்ஸ் 100

10-ல் இருப்பது உங்கள் சொந்த முகவரி, அதன் துண்டுகளோடு சேர்த்து: 203.0.113.0/24 எல்இ 32 (/32 வரை உள்ள துண்டுகளும் என்று பொருள்). உங்கள் ஏஎஸ் எண் பாதையில் இருந்தால் பிஜிபி தானாகவே தள்ளிவிடும், அதற்கு ஃபில்டர் வேண்டாம். ஆனால் வேறொருவர் உங்கள் முகவரியைத் தன்னுடையதாக அறிவித்தால் அந்தப் பாதையில் உங்கள் எண் இருக்காது. அதைத் தடுப்பது இந்த வரி. உங்கள் முகவரியில் ஒரு துண்டை வாடிக்கையாளர் வேறு அப்ஸ்ட்ரீம் வழியாகவும் அறிவிக்கிறார் என்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் மேலே ஒரு விலக்கு எழுத வேண்டியிருக்கும்.

20-ல் போகான், அதாவது பொது இணையத்தில் வரவே கூடாத முகவரிகள்: 0.0.0.0/8, 10.0.0.0/8, 100.64.0.0/10, 127.0.0.0/8, 169.254.0.0/16, 172.16.0.0/12, 192.0.2.0/24, 192.168.0.0/16, 198.18.0.0/15, 198.51.100.0/24, 203.0.113.0/24, 224.0.0.0/4, 240.0.0.0/4. ஒவ்வொன்றுக்கும் எல்இ 32 வேண்டும். இதில் 100.64.0.0/10-ஐ விட்டுவிடாதீர்கள். சிஜிநாட் (ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறை) வைத்து வீட்டு இணைப்பு கொடுப்பவர்கள் உள்ளே பயன்படுத்துவது அதைத்தான். வெளியிலிருந்து யாரோ கசியவிட்ட ஒரு 100.64 ரூட் உங்கள் டேபிளில் நுழைந்தால், ஒரு தெருவுக்கே இணைப்பு போய்விடும். எக்ஸ்சேஞ்சில் (சேவையாளர்கள் தங்களுக்குள் நேரடியாக டிராஃபிக் மாற்றிக்கொள்ளும் இடம்) இணைந்திருப்பவர்கள் அந்த எக்ஸ்சேஞ்சின் சொந்த லேன் முகவரியையும் இதில் சேர்க்க வேண்டும். நிக்ஸி சென்னையோ டிஇ-சிக்ஸ் சென்னையோ, எங்கே போர்ட் எடுத்தாலும் இதே விதிதான். எவராவது அந்த லேனின் ஒரு துண்டை அறிவித்தால், நெக்ஸ்ட்-ஹாப்பே (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய ரூட்டர்) வேறு எங்கோ போய் நிற்கும்.

டீஃபால்ட் ரூட்டும் (வேறு வழி தெரியாத பாக்கெட்டுக்கான பொது வழி, 0.0.0.0/0) இந்தக் கட்டத்தில்தான் பார்க்கப்பட வேண்டும். முழு டேபிள் வாங்குபவர் 0.0.0.0/0-ஐத் தள்ளிவிடலாம். எக்ஸ்சேஞ்சிலும் வாடிக்கையாளர் செஷனிலும் அதை எப்போதுமே ஏற்கக் கூடாது. இங்கே பலரை வீழ்த்தும் ஒரு நுணுக்கம்: ப்ரிஃபிக்ஸ்-லிஸ்டில் 0.0.0.0/0 என்று மட்டும் எழுதினால் அது டீஃபால்ட் ரூட்டை மட்டுமே குறிக்கும், 0.0.0.0/0 எல்இ 32 என்று எழுதினால் உலகம் முழுவதையும் குறிக்கும். ஜிஇயும் (குறைந்தபட்ச நீளம்) எல்இயும் (அதிகபட்ச நீளம்) இல்லாத வரி, எழுதிய நீளத்தில் உள்ள அந்த ஒரே ப்ரிஃபிக்ஸோடுதான் பொருந்தும். 30-ல் வரும் 'மிகச்சிறியவை' பட்டியல் இதே இலக்கணத்தில் 0.0.0.0/0 ஜிஇ 25 என்று எழுதப்படுகிறது. ஐபிவி4-ல் /24-ஐவிட நீளமானதை உலகில் பெரும்பாலானோர் ஏற்பதில்லை. ஐபிவி6-ல் அந்த எல்லை /48.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆழமானது. டினை என்ற ரூட்-மேப் வரிக்குள் வரும் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்டில் 'பெர்மிட்' என்றால் 'பொருந்துகிறது' என்றுதான் பொருள், 'உள்ளே விடு' என்று அல்ல. தள்ளுகிற வேலை ரூட்-மேப்புடையது. ஆகவே போகான் பட்டியல் முழுவதும் பெர்மிட் என்று இருக்க வேண்டும். பார்க்கிறவருக்குக் கண் கூசும்: பெயர் போகான், வரி பெர்மிட் 10.0.0.0/8. யாராவது 'சரிசெய்கிறேன்' என்று அதை டினை ஆக்கினால், போகான் ஒன்றும் பொருந்தாமல் அடுத்த வரிக்கு நழுவி, கடைசி பெர்மிட்டில் உள்ளே வந்துவிடும். அதே பட்டியலை நெய்பரில் நேரடியாகக் கட்டினாலோ கதை தலைகீழ். அங்கே பெர்மிட் என்றால் பெர்மிட்தான். ஒரே பட்டியலை இரண்டு இடத்திலும் பயன்படுத்தாமல் இருப்பதுதான் வழி.

பாதையில் வரக்கூடாத ஏஎஸ் எண்களைத் தள்ளும் 40-வது வரி எஃப்ஆர்ஆரின் பலவீனத்தைக் காட்டுகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான ஏஎஸ் எண்கள் 64512 முதல் 65534 வரை. அந்த வரம்பை எண்ணாகச் சொல்ல வழி இல்லை. ரெகுலர் எக்ஸ்ப்ரெஷனாகத்தான் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறியீடு) எழுத வேண்டும்:

_(6451[2-9]|645[2-9][0-9]|64[6-9][0-9][0-9]|65[0-4][0-9][0-9]|655[0-2][0-9]|6553[0-5])_

கடைசியில் 5 வரை வைத்தது 65535-ஐயும் சேர்ப்பதற்கு. 0, 23456, 64496 முதல் 64511 வரை, 4200000000-க்கு மேல் என்று மற்றவற்றுக்கும் இப்படியே தனித்தனி வரிகள். ஒரு இலக்கம் தவறினால் கண்ணில் படாது. பேர்ட் என்ற செக் நாட்டு மென்பொருளில் இதே வேலை 64512..65534 என்று ஒரு வரம்பாக முடிந்துவிடும். அங்கே ஃபில்டர் ஒரு சிறு நிரல் மொழி. இஃப், எல்ஸ், ஃபங்ஷன் எல்லாம் உண்டு. எக்ஸ்சேஞ்சுகளின் ரூட் சர்வர்களில் (உறுப்பினர்களின் ரூட்களைத் தொகுத்துப் பகிர்பவை) பேர்டை அதிகம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபில்டர் எழுதும் சுகத்தில் எஃப்ஆர்ஆர் அதற்குக் கீழேதான், இதில் மறைக்க ஒன்றும் இல்லை. சிஸ்கோ கட்டளைகளில் கை பழகியவருக்கு எஃப்ஆர்ஆர் வீட்டு மொழி போல இருக்கும் என்பது மட்டுமே அதன் பதில். சென்னையில் நெட்வொர்க் வேலைக்கு வரும் பலர் சிசிஎன்ஏ (சிஸ்கோவின் சான்றிதழ்) படித்துவிட்டு வருகிறவர்கள் என்பதால் அந்தப் பதிலுக்கு எடை இருக்கிறது.

50-வது வரியில் உள்ள ஆர்பிகேஐக்கு (முகவரி உரிமையைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை) மட்டும் கொஞ்சம் தனி வேலை. ஒரு முகவரியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று அதன் உரிமையாளர் கையொப்பமிட்டு வெளியிடுவது ஆர்ஓஏ. அந்தக் கையொப்பங்களைச் சரிபார்க்கும் வேலையை எஃப்ஆர்ஆர் செய்யாது. ரூட்டினேட்டர் போன்ற ஒரு மென்பொருள், முகவரி வழங்கும் ஐந்து வட்டாரப் பதிவகங்களிலிருந்தும் அவற்றை இறக்கிச் சரிபார்த்து, 3323 போர்ட்டில் பட்டியலாகத் தரும். எஃப்ஆர்ஆர் அதை வாங்கி ஒவ்வொரு ரூட்டையும் வேலிட் (ஆர்ஓஏவோடு பொருந்துகிறது), இன்வேலிட் (முரண்படுகிறது), நாட்ஃபவுண்ட் (ஆர்ஓஏவே இல்லை) என்று பிரிக்கும். இதற்கு ஆர்பிகேஐ பேக்கேஜைத் தனியாக நிறுவி, டீமன்ஸ் கோப்பில் பிஜிபிடி (எஃப்ஆர்ஆரின் பிஜிபி நிரல்) விருப்பங்களோடு '-எம் ஆர்பிகேஐ' என்று சேர்த்து, எஃப்ஆர்ஆரை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அதைச் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கவனியுங்கள். கான்ஃபிக் ஏறும்போது 'மேட்ச் ஆர்பிகேஐ இன்வேலிட்' என்ற வரி தெரியாத கட்டளை என்று தள்ளப்படும். அதற்கு மேலே உள்ள 'டினை 50' ஏறிவிடும். மேட்ச் இல்லாத டினை எல்லாவற்றோடும் பொருந்தும். 10 முதல் 40 வரை தேறி வந்த அத்தனை ரூட்டும் 50-ல் விழும். செஷன் எழுந்து நிற்கும், ரூட் பூஜ்யம். சர்வரை மாற்றும்போதும், பேக்கேஜ் அப்கிரேடு செய்யும்போதும் இது நடக்கலாம். ஆகவே அப்கிரேடு முடிந்ததும் முதலில் 'ஷோ ரூட்-மேப்' பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் அதன் மேட்ச் வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்வேலிட்டை மட்டும் தள்ளுங்கள், நாட்ஃபவுண்டைத் தொடாதீர்கள். ரூட்டினேட்டர் செத்து, எஃப்ஆர்ஆரிடம் உள்ள பட்டியலும் காலாவதியானால் எல்லா ரூட்டும் நாட்ஃபவுண்ட் ஆகும். நாட்ஃபவுண்டைத் தள்ளுகிற ஃபில்டர் அந்த நிமிடமே இணையத்தை அணைத்துவிடும். இரண்டு ரூட்டினேட்டர் வைத்து, எஃப்ஆர்ஆரில் இரண்டையும் வேறு வேறு முன்னுரிமையோடு சொல்லிவைப்பது நல்லது. உங்கள் முகவரிக்கான ஆர்ஓஏவையும் மறக்க வேண்டாம். ஐரின் (இந்தியாவின் முகவரிப் பதிவகம்) மூலம் முகவரி பெற்றவர் தன் ஆர்ஓஏவைப் பதியாவிட்டால், அவர் வீட்டு ஃபில்டர் எவ்வளவு கறாராக இருந்தாலும், அவர் முகவரி திருடப்படும்போது உலகத்துக்கு அது நாட்ஃபவுண்ட் என்றுதான் தெரியும்.

60-ல் உள்ள ஜிஷட் என்பது 65535:0 என்ற கம்யூனிட்டி, அதாவது ரூட்டோடு ஒட்டிவரும் ஒரு குறி. அப்ஸ்ட்ரீம் பராமரிப்புக்காக லிங்கை இறக்கப்போகும்போது அதை ஒட்டி அனுப்பினால், நீங்கள் லோக்கல்-ப்ரிஃபரன்ஸை 0 ஆக்கி மற்ற லிங்குக்கு முன்கூட்டியே மாறிவிடலாம். இரண்டு வரிச் செலவு; தயங்காமல் போடுங்கள்.

வாடிக்கையாளர் செஷனுக்கு மேலே சொன்ன ரூட்-மேப் போதாது. அங்கே தத்துவமே வேறு. அப்ஸ்ட்ரீமிடம் தீயதைத் தள்ளி மற்றதை ஏற்கிறோம். வாடிக்கையாளரிடம் அவருடையது என்று உறுதியானதை மட்டும் ஏற்று மற்ற அனைத்தையும் தள்ள வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகம் உங்களிடம் 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனும் இன்னொரு சேவையாளரிடம் ஒரு லைனும் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ரூட்டரில் அவுட்பவுண்ட் ஃபில்டர் இல்லை. மற்றவரிடம் வாங்கிய முழு டேபிளையும் உங்களுக்கு அறிவித்துவிடுகிறார்கள். வழக்கப்படி நீங்கள் வாடிக்கையாளர் ரூட்டுக்கு லோக்கல்-ப்ரிஃபரன்ஸ் 300, எக்ஸ்சேஞ்சுக்கு 200, அப்ஸ்ட்ரீமுக்கு 100 வைத்திருப்பீர்கள். பிஜிபி பாதையின் நீளத்துக்கு முன்பே லோக்கல்-ப்ரிஃபரன்ஸைப் பார்க்கும். விளைவு: உங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் டிராஃபிக்கும் அந்த 100 எம்பிபிஎஸ் லைனுக்குள் திரும்பும். ஆர்பிகேஐ இதைப் பிடிக்காது. ரூட் எல்லாம் உண்மையான உரிமையாளர் ஏஎஸ்ஸோடுதான் வந்திருக்கும், எனவே எதுவும் இன்வேலிட் ஆகாது.

இதைப் பிடிப்பது மூன்று. வாடிக்கையாளரின் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் முதலாவது. அவர் எண் 64501 என்றால் ^64501(_64501)*$ என்ற ஏஎஸ்-பாத் பட்டியல் இரண்டாவது; இது அவர் தன் எண்ணை அடுக்கிப் போடுவதை அனுமதிக்கும், பின்னால் வேறு எண் வந்தால் தள்ளும். மூன்றாவது, ப்ரிஃபிக்ஸ் எண்ணிக்கை வரம்பு. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24-ஐ அறிவித்து யூட்யூபை உலகம் முழுக்க விழச்செய்ததற்குக் காரணம், அதன் அப்ஸ்ட்ரீம் வாடிக்கையாளர் ரூட்டை வடிகட்டாமல் உலகத்துக்குக் கடத்தியதே. 2021 ஏப்ரல் 16 அன்று நம் நாட்டு ஏஎஸ் ஒன்றிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட ப்ரிஃபிக்ஸ்கள் தவறாக வெளியேறியபோதும், வழியில் இருந்தவர்கள் வடிகட்டியிருந்தால் அது ஒரு ஊரோடு நின்றிருக்கும். வாடிக்கையாளருக்குக் கீழே இன்னும் வாடிக்கையாளர்கள் இருந்தால், பட்டியலைக் கையால் எழுதாமல் பிஜிபிக்யூ4 என்ற நிரல் கொண்டு அவர் ஏஎஸ்-செட்டிலிருந்து (அவரும் அவருக்குக் கீழுள்ளவர்களும் அடங்கிய பதிவுப் பட்டியல்) உருவாக்குங்கள். அது தரும் சிஸ்கோ வடிவத்தை எஃப்ஆர்ஆர் அப்படியே ஏற்கும். எஃப்ஆர்ஆருக்குள் இதைத் தானாகச் செய்யும் வசதி இல்லை. க்ரான் வேலையாகத்தான் (லினக்ஸில் நேரம் குறித்து ஓட்டுவது) ஓட்ட வேண்டும்.

எண்ணிக்கை வரம்பைப் பற்றி எஃப்ஆர்ஆரில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 'மேக்சிமம்-ப்ரிஃபிக்ஸ் 10' என்று போட்டால், ஃபில்டர் தாண்டி ஏற்கப்பட்ட ரூட்களைத்தான் அது எண்ணும். வாடிக்கையாளர் பத்து லட்சம் ரூட்டைக் கொட்டினாலும் ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் ஒன்பதை மட்டும் விட்டால், வரம்பு தாண்டவே இல்லை என்று அமைதியாக இருக்கும். வந்தது அத்தனையையும் எண்ண வேண்டுமானால் வரியின் இறுதியில் 'ஃபோர்ஸ்' சேர்க்க வேண்டும். அதற்கு அந்த நெய்பரில் 'சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்ட்' இருப்பது கட்டாயம். வரம்பு தாண்டினால் செஷன் விழும், ஒருவர் கையால் கிளியர் செய்யும்வரை எழாது. 'ரீஸ்டார்ட் 30' என்று சேர்த்தால் 30 நிமிடம் கழித்துத் தானே முயலும். வாடிக்கையாளருக்கு ரீஸ்டார்ட் வேண்டாம் என்பேன். அவர் கூப்பிட்டுப் பேசட்டும். அப்ஸ்ட்ரீமுக்கு வேண்டும், அங்கே வரம்பையும் தாராளமாக வையுங்கள். ஐபிவி4 முழு டேபிள் இப்போது பத்து லட்சத்தை ஒட்டி இருக்கிறது.

சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்ட் என்றால், நெய்பர் அனுப்பியதை ஃபில்டருக்கு முன் இருந்தபடியே ஒரு நகல் நினைவில் வைத்திருப்பது. நினைவகத்தைத் தின்னும். ஆனால் அது இல்லாமல் 'ரிசீவ்டு-ரூட்ஸ்', 'ஃபில்டர்டு-ரூட்ஸ்' ஆகிய இரண்டு ஷோ கட்டளைகளும் வேலை செய்யாது. அதாவது என்ன வந்தது, எது தள்ளப்பட்டது என்று பார்க்கவே முடியாது. ரூட் ரிஃப்ரெஷ் வந்தபிறகு இது தேவையில்லை என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ஃபில்டரை மாற்றியதும் ரூட்டை மறுபடி கேட்டு வாங்க மட்டும் என்றால் அது சரி. தள்ளப்பட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் நகல் வேண்டும். 16 ஜிபி ரேம் உள்ள சர்வரில் இரண்டு முழு டேபிளுக்கு இதைத் தயங்காமல் ஆன் செய்யலாம்.

இப்போது எஃப்ஆர்ஆரில் எனக்கு உண்மையாகவே கவலை தரும் இடம். ரூட்-மேப்பில் ஒரு வரி மாற்றியதும், நீங்கள் கிளியர் கட்டளை கொடுக்கும்வரை அது காத்திருப்பதில்லை. ஐந்து விநாடி பொறுத்து, தானாகவே எல்லா ரூட்டையும் புதிய ரூட்-மேப்பில் மறுபடி ஓட்டும். நகல் இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் நெய்பரிடம் ரூட் ரிஃப்ரெஷ் கேட்டு. நீங்கள் 'டினை 45' என்று தட்டிவிட்டு, அதற்குள் வரவேண்டிய ஏஎஸ்-பாத் பட்டியலின் பெயரை நினைவுபடுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த ஐந்து விநாடி முடிந்துவிடும். மேட்ச் இல்லாத டினை மறுபடியும் எல்லாவற்றையும் விழுங்கும். 'பிஜிபி ரூட்-மேப் டிலே-டைமர்' மூலம் நேரத்தைக் கூட்டலாம். அதைவிட நல்ல பழக்கம்: ஓடிக்கொண்டிருக்கும் ரூட்-மேப்பைத் தொடவே தொடாதீர்கள். அப்ஸ்-இன்-2 என்று புதிதாக முழுவதும் எழுதி, 'ஷோ ரூட்-மேப்'பில் படித்துப் பார்த்து, பிறகு நெய்பர் வரியில் பெயரை மட்டும் மாற்றுங்கள். மாற்றம் ஒரே அடியில் நடக்கும். தவறினால் பழைய பெயரைப் போட்டால் போதும். பெயரில் எழுத்துப்பிழை வராமல் பாருங்கள். இல்லாத ரூட்-மேப்பை நெய்பரில் கட்டினால் எஃப்ஆர்ஆர் எல்லாவற்றையும் தள்ளிவிடும். கோப்பாகக் கான்ஃபிக் வைத்துப் பராமரிப்பவர்கள் எஃப்ஆர்ஆர்-ரீலோட் நிரலை முதலில் 'டெஸ்ட்' விருப்பத்தோடு ஓட்டி, என்ன மாறப்போகிறது என்று பார்த்துவிடலாம். இதற்கெல்லாம் பொறுமை இல்லை என்பவருக்கு விஒய்ஓஎஸ் பொருத்தம். உள்ளே இதே எஃப்ஆர்ஆர்தான், ஆனால் எழுதி முடித்து கமிட் கொடுத்தால்தான் எதுவும் நடக்கும்.

எக்ஸ்சேஞ்சின் ரூட் சர்வரோடு பேசும்போது இன்னொரு சிறு விஷயம். ரூட் சர்வர் தன் ஏஎஸ் எண்ணைப் பாதையில் சேர்க்காது. பாதையின் முதல் எண் நெய்பருடையதாக இருக்கிறதா என்று பார்க்கும் 'என்ஃபோர்ஸ்-ஃபர்ஸ்ட்-ஏஎஸ்' அந்தச் செஷனில் ஆன் ஆகியிருந்தால், ஃபில்டர் எவ்வளவு சரியாக இருந்தாலும் ரூட் வராது. அந்த நெய்பருக்கு மட்டும் அணையுங்கள். ரூட் சர்வர் ஏற்கெனவே வடிகட்டித் தருகிறது என்று நம்பி உங்கள் ஃபில்டரைத் தளர்த்தவும் வேண்டாம். ஐபிவி6-க்கு எல்லாவற்றையும் தனியாக மறுபடி எழுத வேண்டும்: 2000::/3 எல்இ 48 என்று ஏற்பதிலிருந்து தொடங்கினால் பட்டியல் சுருங்கும். நான்குக்குப் பூட்டு, ஆறுக்குத் திறந்த வீடு என்ற நிலை எஃப்ஆர்ஆரில் வராததற்கு, முன்பு சொன்ன 8212 விதிதான் காரணம். ஆறிலும் பாலிசி இல்லாமல் ஒன்றும் நகராது.

தாம்பரம் பாப்புக்கும் (உங்கள் நெட்வொர்க் மையம்) அம்பத்தூர் பாப்புக்கும் இடையே ஓடும் ஓஎஸ்பிஎஃபில் இதே இன்பவுண்ட் எண்ணத்தைக் கொண்டுபோகாதீர்கள். ரிப்பில் 'டிஸ்ட்ரிப்யூட்-லிஸ்ட் இன்' உண்மையாகவே ரூட்டைத் தடுக்கும். அங்கே பரிமாறப்படுவது ரூட். ஓஎஸ்பிஎஃபில் பரிமாறப்படுவது வரைபடம், ஒரே ஏரியாவில் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஒரு பகுதி) எல்லோரிடமும் அது ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். எஃப்ஆர்ஆரில் 'ஐபி ப்ரோட்டோகால் ஓஎஸ்பிஎஃப் ரூட்-மேப்' மூலம் ஒரு ரூட் கெர்னலுக்குள் போகாமல் நிறுத்தலாம், ஆனால் பக்கத்து ரூட்டர் அந்த முகவரிக்கான பாக்கெட்டை உங்களிடமே அனுப்பிக்கொண்டிருக்கும், உங்களிடமோ வழி இருக்காது. பாக்கெட் அங்கேயே சாகும், அல்லது டீஃபால்ட் ரூட் வழியாகத் திரும்பிப் போய்ச் சுற்றும். உண்மையாக வடிகட்ட வேண்டுமானால் ஏரியா எல்லையில், 'ஏரியா ஃபில்டர்-லிஸ்ட்' கொண்டு செய்யுங்கள்.

பெட்டியைப் பற்றி ஒரு சொல். ரிச்சி தெருவில் பழைய சர்வரும் இன்டெல் எக்ஸ்520 இரட்டை 10ஜி கார்டும் தேடுபவர் மூன்றைப் பார்க்க வேண்டும். கார்டு எக்ஸ்8 ஸ்லாட்டில் உட்கார வேண்டும். இன்டெல் அல்லாத எஸ்எஃப்பி மாட்யூலை (போர்ட்டில் செருகும் ஃபைபர் முனை) அது ஏற்க, டிரைவரில் 'அலவ்-அன்சப்போர்ட்டட்-எஸ்எஃப்பி' 1 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்ட்டே தெரியாது. அதன் ஹீட்சிங்க்கில் விசிறி கிடையாது. சர்வரின் காற்றோட்டத்தை நம்பியே வாழும் கார்டு அது. மேசைக் கம்ப்யூட்டர் கேபினட்டில் அதைச் செருகி, சென்னையின் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் வைத்தால் லிங்க் விழுந்து விழுந்து எழும். லிங்க் விழுந்தால் செஷன் விழும், செஷன் எழுந்தால் பத்து லட்சம் ரூட்டும் மறுபடி ஃபில்டர் வழியாக ஓடும். பார்ப்பவர் குற்றத்தை ஃபில்டர் மேல் போடுவார். போலி இன்டெல் கார்டுகளும் சந்தையில் சுற்றுகின்றன, திருப்பித் தர ஒத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

யாருக்கு இதைச் சொல்வேன்? இரண்டு அப்ஸ்ட்ரீம், ஓர் எக்ஸ்சேஞ்ச், கைவிரலில் எண்ணக்கூடிய பிஜிபி வாடிக்கையாளர்கள், சிஸ்கோ கட்டளை தெரிந்த ஒருவர் பணியில் இருக்கும் நிறுவனத்துக்கு, எஃப்ஆர்ஆரின் இன்பவுண்ட் ஃபில்டர் முழுமையாகப் போதும். ரூட் சர்வர் நடத்துபவருக்கும், நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் செஷனுக்கு ஃபில்டரை நிரலால் உருவாக்குபவருக்கும் பேர்ட் பொருத்தம். ஆள் இல்லாமல், அமைத்துவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கு இரண்டுமே வேண்டாம். அப்ஸ்ட்ரீமிடம் டீஃபால்ட் ரூட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், 0.0.0.0/0 ஒன்றை மட்டும் ஏற்கும் ஒற்றை வரி ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் அதற்குப் போதும்.